கார்டு நிரம்பும் வரை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நோன்பு மாதத்தில், கல்யாணங்கள் இல்லாத நாட்களில், இரண்டு வீட்டார் வீடியோக்காவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "புதுக் கேமரா இருக்கா?"

2. புதுக் கேமராவின் விலையை விசாரித்தோம். ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு பழைய காரின் விலை.

3. அது அந்த விலைக்குத் தகுமா என்று இருபத்திரண்டு வரியில் நான் ஒரு பட்டியல் போட்டேன்.

4. அக்காவின் கணவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன். அக்கா இரண்டு பக்கமும் பேசினார்.

5. முடிவாகவில்லை. பெருநாள் முடிந்து வந்த முதல் கல்யாணத்துக்கு, தஞ்சாவூரில் அதே கேமராவை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தோம்.

6. கல்யாணம் நன்றாக நடந்தது. படமும் நன்றாக வந்தது.

7. மணப்பெண்ணின் தாயார் கையை நீட்டினார்.

8. மூன்றாம் நாள், ஒரு வயல் வரப்பில் கேமராவை நிறுத்தி, யாருக்கும் தேவைப்படாத ஒரு படத்தை ஒன்றரை மணி நேரம் எடுத்தோம்.

இத்துடன் நிறுத்தினாலும் நடந்தது எல்லாம் வந்துவிடும். ஆனால் ஏழாவது வரியில் அந்தக் கை நீண்டபோது நான் ஏன் திகைத்து நின்றேன் என்பது இதில் இல்லை. அதைச் சொல்ல அக்காவைச் சொல்ல வேண்டும்.

பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. நாற்பதைத் தாண்டியவர். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரர் போக முடியாது. அங்கே படமெடுக்க ஒரு பெண் வேண்டும். பதினைந்து வருஷமாக அக்காதான் அந்தப் பெண். கடற்கரை ஊர்களில் அவருக்கு வீடியோக்கா என்றே பேர். அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி அவர் கணவர் கூப்பிட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் சோறு ஆறிப்போகும்போது.

அவர் குணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். எந்தப் பேச்சிலும் ஆள் குறைவாக இருக்கும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

ஒருமுறை அதிராம்பட்டினம் போகும் பஸ்ஸில் ஒருவர் மூன்று தென்னங்கன்றுகளோடு ஏறினார். கண்டக்டர் கூடாது என்றார். பஸ் முழுக்கக் கன்றுக்காரர் பக்கம். "கன்னு என்னய்யா பண்ணும், உன் டிக்கெட்டைத் தின்னுடுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா எழுந்து கண்டக்டருக்காகப் பேசினார். ஓலை கண்ணில் குத்தினால் யார் பொறுப்பு, நாளைக்கு ஒருவர் தென்னை மரத்தையே கொண்டுவந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார். பேச்சு நன்றாக இருந்ததால் பஸ் கண்டக்டர் பக்கம் திரும்பிவிட்டது. "எறங்குய்யா கீழே" என்றார் பின்குரல்காரர். உடனே அக்கா கன்றுக்காரர் பக்கம் வந்துவிட்டார். "ஏன் எறங்கணும்? அது என்ன ஆடா மாடா?" கடைசியில் கண்டக்டரும் கன்றுக்காரரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவை முறைத்துக்கொண்டே வந்தார்கள்.

என்னைச் சேர்த்துக்கொண்டதும் அப்படித்தான். எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு முடிந்திருந்தது. வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி, சேரும் தேதியைச் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தது. எடிட்டிங் செய்து தருகிறேன் என்று அக்காவிடம் போய் நின்றேன்.

"இஞ்ஜினியரு படிச்சுட்டு இந்த வேலைக்கு எதுக்கும்மா வர்றே? கண்ணு கெடும். முதுகு வலிக்கும். ஒரே பாட்டை நாப்பது தடவ கேக்கணும்."

சரிதான் என்று நினைத்தேன். "அப்ப நான் வரேன்க்கா" என்று செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"ஏன், நாப்பது தடவ கேட்டா என்ன? காது தேஞ்சா போயிடும்? உள்ளே வா."

அவர் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வைத்து நெல் பயிரிடுகிறவர். இந்தக் குணத்தோடு பல வருஷம் குடித்தனம் நடத்தித் தேறியவர். துணி துவைக்கும் மெஷின் வாங்கலாம் என்று அவர் இரண்டு வருஷம் சொல்லியிருக்கிறார். அக்கா இரண்டு வருஷமும் மறுத்திருக்கிறார். சலித்துப்போய் ஒருநாள், "நீ சொல்றதுதான் சரி, கையால தொவைச்சாத்தான் அழுக்கு போகும்" என்றாராம். அடுத்த வாரம் மெஷின் வந்துவிட்டது. அன்றிலிருந்து தனக்கு வேண்டியதை மாமா வெளியே சொல்வதில்லை. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். "இவ்வளவு வேணாங்கிறீங்கன்னா உங்களுக்கு வேணும்போல."

இதையெல்லாம் வெறும் வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் எடுத்த படங்களை வெட்டி ஒட்ட ஆரம்பித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மணப்பெண்ணை எல்லோரும் எடுப்பார்கள். அக்காவும் எடுப்பார், குறை வைக்காமல். ஆனால் கேமரா நடுநடுவே வேறெங்கோ போய்விடும். தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நகைகளுக்கு நடுவில் வழி கேட்டு நகரும் பெண். தன் கல்யாணம் தள்ளிப்போனதால் தங்கையின் தலையில் பூ வைக்கும்போது அதிகமாகச் சிரிக்கும் அக்காள். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் தனியாக நிற்கிற ஆளை அந்தக் கேமரா தேடிப்போகும்.

இந்த வேலையில் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. அவரே ஏற்படுத்திக்கொண்டது. விருந்து முடிந்து கிளம்பும்போது, மணப்பெண்ணின் தாயார் எதிரில் கேமராவைத் திறந்து, உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவார். நகல் கிடையாது. "எடுத்தது நான். படம் உங்களோடது" என்பார். தாயார் அதை நகைப்பெட்டியில் ஜிமிக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார். அந்த ஊர்களில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். அதனால் கார்டு பிறந்த வீட்டுப் பீரோவிலேயே இருந்துவிடும்.

எடிட் செய்ய வேண்டுமென்றால் கார்டோடு வருவார்கள். மூன்று பேர், நான்கு பேர், ஒரு ஆட்டோ நிறைய. எனக்குப் பின்னால் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த தம்ரூட் இனிப்பை எல்லோருக்கும் பங்கு போட்டு, "அதை வெட்டு, இதை வை" என்பார்கள். முடிந்ததும் கார்டும் அவர்களோடு போய்விடும். பழைய கேமராவின் கார்டு சின்னது, விலையும் குறைவு. கல்யாணத்துக்கு ஒன்று என்று கொடுத்துவிட முடிந்தது. தலையில் துணியில்லாமல் சிரித்தபடி, ஆடியபடி அந்தப் பெண்கள் அக்காவின் கேமரா முன்னால் இருந்தார்கள் என்றால், அது இந்தச் சின்னக் கார்டால்தான்.

இப்படி வருகிறவர்களில் ஒருவரை நாங்கள் எல்லோரும் சாச்சி என்று கூப்பிடுவோம். மூன்று பெண்களுக்குத் தாய். மூத்தவளின் கல்யாணப் படத்தை எடிட் செய்தபோது, அவரோடு பேச்சு நின்றுபோயிருந்த நாத்தனார் ஒரு தூணுக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் நிற்பது திரையில் வந்தது. சாச்சி "அதை வெட்டு" என்றார். வந்திருந்த இருவரும் "வெட்டு" என்றார்கள். அக்கா, "பாவம், வந்தாங்கல்ல, இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் பேசியதில் மூன்று பேருக்கும் மனசு இளகி "இருக்கட்டும்" என்றார்கள். உடனே அக்கா, "எதுக்கு? பின்னாடி பாக்குறப்ப உறுத்தும். வெட்டிடலாம்" என்றார். சாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏ வீடியோப் பொண்ணு! என் நாத்தனாரை வெட்ட நீ யாரு?"

அது வெட்டப்படவில்லை. அன்று மிஞ்சிய தம்ரூட் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம்.

இனி கேமரா.

இரண்டு வீட்டார் கேட்ட கேள்வி அக்காவை உலுக்கிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து இரண்டு பெண்கள் புதுக் கேமராவோடு கடற்கரை ஊர்களுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் எடுத்ததில் புடவைச் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. "இந்தப் பெருநாள் கழிச்சு எனக்கு ரெண்டு வீடு போச்சுன்னா, அடுத்த பெருநாளுக்கு எல்லா வீடும் போயிடும்" என்றார். அதற்குப் பிறகு சமையல் வேலைக்கோ தையலுக்கோ போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் இரண்டு தடவை சொன்னார்.

நான் பட்டியல் போட்டேன். படத்தின் தரம், குறைந்த வெளிச்சத்தில் எப்படி, எடை, பேட்டரி, சூடாகுமா, பழுது பார்க்க எங்கே போக வேண்டும், எத்தனை வருஷம் உழைக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் கேமரா நன்றாகத் தேறியது.

மாமா தாளை ஒரு பார்வை பார்த்தார். "அறுவடைக்கு மெஷின் வருது. நான் அதை வெலைக்கா வாங்குறேன்? வாடகைக்கு வருது, அறுக்குது, போவுது. அந்த மாதிரி இதையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதானே?"

"அறுவடை மெஷின் கேட்டதும் வந்துடுதா?" என்றார் அக்கா. "எல்லார் வயலும் ஒரே வாரத்துல பழுக்குது. போன தடவை மெஷினுக்குக் காத்திருந்து நெல்லு சாஞ்சு போச்சுல்ல? சவுதியிலேருந்தும் துபாய்லேருந்தும் எல்லாரும் ஒரே மாசத்துல லீவுல வர்றாங்க. ஒரே வாரத்துல எல்லா வீட்லயும் கல்யாணம். வாடகைக் கேமரா நமக்குன்னு காத்துகிட்டு இருக்குமா?"

"அதானே மாமா, வாங்கிடலாம்" என்றேன் நான்.

"நீ சும்மா இரும்மா" என்றார் அக்கா. "அவ்வளவு விலை குடுத்து, சரிகை இழையை எண்ணப் போறாங்களா? கல்யாணத்துக்கு வந்தவங்க முகம் தெரிஞ்சா போதாதா?"

மாமா மெதுவாக, "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

"நீங்க எங்க சொன்னீங்க? நீங்க மெஷினைப் பத்திப் பேசுனீங்க."

பத்து நாள் இப்படிப் போனது. பேச்சு சூடாகும்போதெல்லாம் மாமா எழுந்து வயலுக்குப் போய்விடுவார். அவருக்கு அங்கே வேறு கவலை. கோடைப் பயிருக்கு மோட்டார் வைத்து இறைக்கிற தண்ணீர் வயலில் நிற்கவில்லை. பக்கத்து வயல்காரர் ராத்திரியில் வரப்பைக் கிழித்துவிடுகிறார் என்று மாமாவுக்குச் சந்தேகம். மூன்று வாரமாக அவரோடு பேசுவதில்லை.

கடைசியில் கேமராவை வாடகைக்கு எடுத்து ஒரு கல்யாணத்தில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. அது சாச்சியின் இரண்டாவது மகள் கல்யாணம். கடைக்காரர் கார்டை உள்ளே போட்டே கொடுத்தார். அக்கா திறந்து பார்க்கவில்லை. வழக்கமான சின்னக் கார்டுகள் இரண்டு கைப்பையில் இருந்ததால் அந்த நினைப்பே அவருக்கு இல்லை. என் பட்டியலில் கார்டுக்கு ஒரு வரி இருந்தது. அதில் வேகம் என்று போட்டுப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தேன்.

அன்று அக்கா எடுத்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. குறைந்த வெளிச்சத்தில் மணப்பெண்ணின் கையில் மருதாணி உலர்ந்து வெடித்திருப்பது வரை தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் நின்ற நாத்தனார் இந்தத் தடவை பரிமாறிக்கொண்டிருந்தார். அவரைத்தான் அதிக நேரம் எடுத்தார்.

மத்தியானம் எல்லாம் முடிந்தது. சாச்சி வந்தார். இடது கையில், துபாயிலிருந்து மகன் அனுப்பிய குங்குமப்பூவின் காலி டப்பி, மூடி திறந்தபடி. வலது கையை நீட்டினார்.

அக்கா கேமராவைத் திறந்தார். உள்ளேயிருந்து கனமாக, சதுரமாக ஒன்று வந்தது.

"என்ன இது, பிஸ்கட்டு மாதிரி இருக்கு?" என்றார் சாச்சி.

அக்கா என்னைப் பார்த்தார். நாங்கள் தேர்ந்தெடுத்த தரம் இந்த மாதிரிக் கார்டில்தான் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். அதன் விலையும் தெரியும். ஒரு கல்யாணத்துக்கு அக்கா வாங்கும் கூலியை விட அதிகம். அக்கா ஒவ்வொரு கல்யாணத்திலும் கார்டைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர் என்பதும் தெரியும். இரண்டையும் தெரிந்துவைத்திருந்த நான் சேர்த்து யோசிக்கவில்லை. கேமரா இல்லையென்றால் புது வீடுகள் போய்விடும். கார்டைக் கொடுக்கவில்லையென்றால் பழைய வீடுகள் போய்விடும்.

"சாச்சி, இது கடைக்காரரோடது" என்றேன். "கம்ப்யூட்டர்ல ஏத்தி உங்களுக்குத் தந்துட்டு, இதுல உள்ளதை அழிச்சுடுறோம்."

"அழிச்சா போயிருமா?"

சரியான பதிலைச் சொல்லியே பழகிவிட்டேன். "சாதாரணமா அழிச்சா போகாது. சாஃப்ட்வேர் வச்சுத் திரும்ப எடுக்கலாம்."

"அப்ப கடைக்காரன் எடுத்துப் பாப்பானா?"

"எடுக்க மாட்டார் சாச்சி."

"எடுக்க மாட்டாரா, எடுக்க முடியாதா?"

அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் சாச்சி பக்கம். மறுபக்கத்தில் நான் ஒருத்திதான். அக்காவின் குணப்படி அவர் இப்போது என் பக்கம் வர வேண்டும். ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா கார்டைக் குங்குமப்பூ டப்பிக்குள் வைத்தார். குறுக்காகச் சாய்த்து வைத்தால் அடங்கியது. மூடியை அவரே அழுத்தி மூடினார்.

"சாச்சி சொல்றதுதான் சரி."

பஸ்ஸில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கோட்டை தாண்டும் வரை நான் பொறுத்திருந்தேன்.

"நீங்க எப்பவும் ஆள் கொறைஞ்ச பக்கம்தானேக்கா?"

"இன்னைக்கும் அங்கேதான் நின்னேன்."

"சாச்சி பக்கம் எட்டுப் பேர் இருந்தாங்க."

"பேசுனது எட்டுப் பேரு. படத்துல இருக்குற பொண்ணு உள்ளே உக்காந்திருந்துச்சே, அது ஏதாவது பேசுச்சா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரருக்குப் பஸ்ஸிலிருந்தே போன் செய்து, கார்டு எங்களிடமே இருக்கும், விலையைத் தந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "மாடு வாங்குறதுக்கு முன்னாடி மூக்கணாங்கயித்தை வாங்கிட்டு வந்த ஆளு நீதாண்டி." அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை என் பட்டியலை எடுத்து மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அந்த இடத்துக்குப் போன காகிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவதில்லை என்று பொருள்.

மூன்றாம் நாள் காலை ஒரு ஆட்டோ வந்தது. சாச்சி தனியாக இறங்கினார். கையில் அதே டப்பி. கக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"மவன் போன் பண்ணான். என்ன கார்டும்மான்னான். பிஸ்கட்டு மாதிரின்னு சொன்னேன். வெலையைச் சொன்னான் பாரு, அவளுக்கு நான் போட்ட ஜிமிக்கியை விட ஜாஸ்தியாம். என்னம்மா நீ, வாயைத் திறந்து சொல்றதில்லையா?"

"கேக்கலையே சாச்சி நீங்க" என்றார் அக்கா.

"இதை நான் வச்சுக்கிட்டா எனக்கு உறங்க முடியாது. சும்மா திருப்பிக் குடுத்தாலும் உறங்க முடியாது. இஞ்ஜினியரு புள்ள, நீ ஒரு வழி சொல்லு."

முதல் பாதி சுலபம். கார்டிலிருந்து படத்தை நேரே அவருடைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன்.

"உன் பெட்டியில தங்கிராதே?"

"என் பெட்டி வெறும் வாய்க்கால் மாதிரி சாச்சி. தண்ணி வந்து அப்படியே போயிடும்."

"வாய்க்கால்ல ஈரம் இருக்குமே" என்றார் மாமா வாசலிலிருந்து. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் பாதிக்கும் வழி இருந்தது. ஏன் அன்று கல்யாண வீட்டில் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. "கார்டை அழிச்சுட்டு, அது நிரம்புற வரைக்கும் வேற ஏதாவது எடுக்கணும் சாச்சி. பழசு இருந்த இடத்துல எல்லாம் புதுசு வந்து உக்காந்துக்கும். அப்புறம் யார் தேடினாலும் கெடைக்காது."

"அப்ப எடு. என் கண்ணு முன்னாடி எடு."

என்னத்தை எடுப்பது என்று கால் மணி நேரம் பேச்சு. தெருவை எடுக்கலாம் என்றேன். "வேணாம். தெருவுல பொம்பளைங்க போவாங்க. அப்புறம் அவங்களுக்கு இந்தப் பாடு" என்றார் சாச்சி. ஆளே இல்லாத இடம் வேண்டும். மாமாவின் வயல் என்று முடிவானது.

எல்லோரும் போனோம். வரப்பில் ஸ்டாண்டைப் போட்டுக் கேமராவை நிறுத்தினோம். வெயிலில் சூடாகி நின்றுவிடும் என்பதால் மேலே ஒரு குடை. குடையை மாமா பிடித்துக்கொண்டார். "நாங்க பேசுறது அதுல விழுமா?" என்று சாச்சி கேட்டார். ஒலிப்பதிவை அணைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து அவரும் அக்காவும் பேசியதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. கொக்குகள் வந்தன, போயின. மோட்டார் தண்ணீர் சளசளத்தது. பேட்டரி ஒருமுறை மாற்றினேன். மாமா குடையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஒன்றரை மணி நேரத்தில் கார்டு நிரம்பிவிட்டது என்று கேமரா அறிவித்தது.

சாச்சிக்கு நிரூபிக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து டிவியில் போட்டோம். கல்யாணம் இல்லை. பச்சை வயல் மட்டும். ஒவ்வொரு நெல் தாளும் தனித்தனியாக, தாளின் மேல் ஊர்கிற பூச்சியின் காலும் தனித்தனியாக. நான் ஓட்டி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டு!" என்று மாமா கத்தினார். "பின்னாடி போ. கீழ் மூலை. அந்த மூலையைப் பெருசாக்கு."

பெரிதாக்கினேன். வரப்பின் அடியில், புல் மறைவில், நூல் மாதிரி தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு வளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் மாதிரி உள்ளே போனது.

"இவரா வரப்பைக் கிழிச்சது?" என்றார் அக்கா.

மாமா எழுந்து நின்றார். பக்கத்து வயல்காரரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிற முகம். பிறகு தன் பல வருஷப் பாடத்தை மறந்து, "வாங்கிடலாம்டி இந்தக் கேமராவை" என்றார்.

"எதுக்கு? நண்டு பாக்கவா?"

"என் சின்ன மவ கல்யாணத்துக்கும் இதுலதான் எடுக்கணும்" என்றார் சாச்சி. "இன்னைக்குச் செஞ்ச மாதிரியே என் முன்னாடி ரொப்பிடு. போதும். எங்க தெருவுல நாலு வீட்டுக்கு நானே சொல்றேன்."

நானும் வாங்கலாம் என்றேன். மூன்று பேரும் ஒரே பக்கம். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேட்டரி ஒரு கல்யாணத்துக்குக் காணாது என்றார். வெயிலில் யார் தினமும் குடை பிடிப்பது என்றார். நகையை அடகு வைத்துக் கேமரா வாங்கி, நகை போடாமல் கல்யாண வீட்டுக்குப் போனால் யார் மதிப்பார்கள் என்றார். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. இத்தனை நல்ல காரணங்கள் என் இருபத்திரண்டு வரியில் இல்லை.

சாச்சி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். நாத்தனார் விஷயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீ சொல்றதும் சரிதான். வேணாம். பழசே போதும்."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "ஆமா சாச்சி, நம்மளுக்கு எதுக்கு அதெல்லாம்."

எனக்குக் கடைசியாகப் புரிந்தது. "வேண்டாம்க்கா. பட்டியலைக் கிழிச்சுடுறேன்."

அக்கா எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். எங்கள் வேலை அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எங்களுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"யாரு வேணாம்னது?" என்றார்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பட்டியலை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் இருபத்து மூன்றாவது வரி எழுதினார். "கார்டு யாருக்கு?" எதிரே மதிப்பெண் எதுவும் போடவில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டு வீட்டாரும் வந்தார்கள். ஒரு வீட்டார் கேமராவுக்காக. இன்னொரு வீட்டார், சாச்சி சொல்லி, கார்டு விஷயத்துக்காக.

அதே மாதம் எனக்கும் சேரும் தேதி வந்தது. ஓசூர் வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. எதற்குப் பட்டியல் போட்டாலும் கடைசியில் ஒரு வரியைக் காலியாக விடுகிறேன். ஏன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பதுண்டு.

இப்போதைய நிலவரம்: கேமரா அக்காவிடம் இருக்கிறது. அடகு வைத்த நகை வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பெரிய கார்டு அதே ஒன்றுதான். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் படத்தை அந்த வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டு மாடியில் குடைக்குக் கீழே கேமராவைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பி வைத்து, கார்டு நிரம்பும் வரை எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள். மாமாவும் பக்கத்து வயல்காரரும் பேசிக்கொள்கிறார்கள். கேமரா அந்த விலைக்குத் தகுமா என்பது மட்டும் முடிவாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது மாமா தகும் என்றார். அதனால் அக்கா தகாது என்றார்.